நுஸ்ஹாவைப் பற்றி வந்த கடிதம்

எங்கள் தெருவில் கோபமே வராத ஆள் யாரென்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட றபீக்காவின் வீட்டைத்தான் காட்டும். சாய்ந்தமருதில் என் வீட்டுக்கு அடுத்த வீடு அவளுடையது. பள்ளிக்கூட உடுப்புத் தைப்பதுதான் தொழில். புது வகுப்புத் தொடங்குவதற்கு முந்தின இரண்டு கிழமையும் அவளுடைய விறாந்தையில் கால் வைக்க இடமிருக்காது, முழுக்க வெள்ளைத் துணிதான். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி அளவெடுப்பாள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே உயரம், தோள், கைநீளம் என்று ஒரு கொப்பியில் எழுதிவைப்பாள். போன வருடத்தைவிட மூன்று இஞ்சி கூடியிருக்கிறாய் என்று சொன்னால், அளவு கொடுத்த பிள்ளைக்கும் சந்தோசம், கூடவந்த தாய்க்கும் சந்தோசம்.

எனக்குக் கோபம் வரும். ஐந்தாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறவளுக்குக் கோபம் வராவிட்டால்தான் அதிசயம். இதையும் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆனால் எழுதச் சொன்னது நானில்லை, றபீக்காதான். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள் டீச்சர், பேரையும் மாற்றவேண்டாம் என்றாள். ஆகவே மாற்றவில்லை.

இருபது வயதில் அவளுக்கும் முஹ்ஸினுக்கும் கலியாணம் நடந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி அவளுடைய வாப்பா வீடு கட்டிக் கொடுத்தார், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தான். முஹ்ஸினுக்குக் கடற்கரைப் பக்கத்தில் வள்ள இயந்திரம் திருத்துகிற பட்டறை இருக்கிறது. கெட்டவன் என்று அவனைச் சொல்ல முடியாது. சிகரெட் இல்லை, சீட்டு இல்லை, கை நீட்டுகிற பழக்கமில்லை. சந்தைக்குப் போனால் மனைவிக்குப் பிடித்த மீனைத் தேடி வாங்கிவருவான். கெட்டவனாக இருந்திருந்தால் நானும் இவ்வளவு எரிச்சல்பட மாட்டேன். கெட்டவனிடம் யாரும் எதையும் நம்பிக் கொடுப்பதில்லையே.

கலியாணமாகிப் பத்து வருடம் பிள்ளையில்லை. முஹ்ஸினின் தாய் றுகையா உம்மா இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். வாரத்துக்கு ஒருதரம் மருமகளின் வயிற்றைப் பார்க்கவே வருவார். பார்த்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார். பிறகு பெருமூச்சும் போய், மலடி என்ற சொல்லே வாயில் வந்துவிட்டது. கலியாண வீடுகளில் மணப்பெண்ணுக்கு மருதோண்டி போட றபீக்காவை விடமாட்டார்கள். மணப்பெண்ணின் உடுப்பைத் தைத்தவள் அவள், ஆனால் அதை உடுத்திவிட இன்னொருத்தி வருவாள். அதையெல்லாம் நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு வார்த்தை கேட்டவள் இல்லை நான்.

உண்மை என்னவென்பது எனக்குப் பிறகுதான் தெரியும். ஒன்பதாவது வருடம் இருவரும் கொழும்புக்குப் போய்ப் பரிசோதித்தபோது அவளிடம் ஒரு குறையும் இல்லை என்று வந்தது. குறை முஹ்ஸினிடம் இருந்தது, உயிரணுக்கள் மிகக் குறைவு. அவனுடைய ஓர் உயிரணுவை அவளுடைய முட்டைக்குள் ஊசியால் செலுத்திக் கருவாக்கி, அதை அவளுடைய கர்ப்பப்பையில் வைக்கலாம் என்று அங்கே சொன்னார்கள். ஊரில் இதற்கெல்லாம் ஒரே பெயர்தான், டெஸ்ட் டியூப் பிள்ளை. வேறு ஊர் மௌலவி ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டார்கள். புருசன் பெண்சாதிக்குள் நடப்பதுதானே, தடையில்லை என்று அவரும் சொன்னார். பாவமும் இல்லை, சட்டக் குற்றமும் இல்லை. அப்படியிருந்தும் ஒளித்துத்தான் செய்தார்கள்.

தங்கியிருந்த லொட்ஜில் முஹ்ஸின் அழுதானாம். ஊருக்குத் தெரிந்தால் கடற்கரையில் தலைகாட்ட முடியாது, பிள்ளை யாருடையது என்றுகூடக் கேட்பார்கள் என்று. அப்போது றபீக்கா சொன்னது இது:

"எனக்குத்தான் குறையெண்டு சொல்லுங்க. எனக்கு ஒப்பரேசன் செய்யப் போனதெண்டு சொல்லுங்க. இவ்வளவு காலமும் என்னத்தானே சொல்றாங்க, பழகிப்போச்சி."

அப்படியே ஊருக்குச் சொன்னார்கள். நுஸ்ஹா பிறந்தாள். றுகையா உம்மா தான் வைத்த நேர்த்தியால்தான் பிள்ளை கிடைத்தது என்று கந்தூரிச் சோறு ஆக்கித் தெரு முழுக்கக் கொடுத்தார். நானும் ஒரு தட்டுச் சாப்பிட்டேன், நல்ல சோறு.

அந்தக் கொழும்புக் கிளினிக்கில் ஒரு நடைமுறை இருந்தது. இப்படிப் பிறந்த பிள்ளைகளின் வளர்ச்சியைப் பல வருடங்களுக்குக் கவனித்துவருவார்கள். உயரம், நிறை, ஹோர்மோன் எல்லாவற்றையும் விசாரிப்பார்கள். பிள்ளைக்கு ஏதோ குறை இருக்கிறது என்பதற்காக இல்லை, பின்னுக்கு என்ன ஆகிறதென்று பார்த்துவைக்கத்தான். றபீக்காவின் தொலைபேசி எப்போதும் தையல் மேசையில் கிடக்கும். அவளுக்குக் கை ஓயாத நேரத்தில் உடுப்புக்கு வந்த தாய்மார் யாராவது எடுத்து ஹலோ சொல்வார்கள். அதனால் கிளினிக்குக்கு அவள் தன்னுடைய நம்பரைக் கொடுக்கவில்லை. முஹ்ஸினின் நம்பரையும் பட்டறை விலாசத்தையும்தான் கொடுத்தாள். அவள் செய்த பிழை இவ்வளவுதான். புருசனை நம்பினாள்.

நுஸ்ஹாவுக்கு ஐந்து வயதானபோது, கொரோனாவுக்கு முந்தின டிசம்பர் விடுமுறையில், பிள்ளையைக் கொழும்புக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். இரத்தம் எடுத்தார்கள். முடிவை அறிவிப்போம் என்றார்கள். ஒரு கிழமை கழித்து முஹ்ஸின் பட்டறையிலிருந்து வந்து, எல்லாம் நோமல் என்று சொன்னான். றபீக்கா அன்று இரண்டு ரக்கஅத் அதிகமாகத் தொழுதாளாம்.

அதன் பிறகு பிள்ளை வளர்வது நின்றுபோனது. ஒரே நாளில் நின்றால் எவருக்கும் கண்ணில் படும். இது மெல்ல மெல்ல நின்றது. முகம் கொஞ்சம் ஊதிக் கொழுகொழுவென்று இருந்ததால், பார்த்தவர்கள் நல்ல ஊட்டம் என்றார்கள். வெயில் கொளுத்துகிற மாதத்திலும் கைநீளச் சட்டை கேட்டாள், மின்விசிறிக்குக் கீழே இருக்கமாட்டாள். ஓடமாட்டாள், சண்டை பிடிக்கமாட்டாள். தங்கமான பிள்ளை, சத்தமே இல்லை என்று றுகையா உம்மா போற இடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார்.

ஐந்தாம் வகுப்பில் அவள் என்னிடம் வந்தாள். அது புலமைப்பரிசில் பரீட்சை வகுப்பு, எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. முன் வாங்கில் இருக்கவைத்தேன், ஏனென்றால் வகுப்பிலேயே கட்டை அவள்தான். இருந்து பத்து நிமிடத்தில் தூங்குவாள். ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் அப்படியே இருப்பாள். மூன்று தரம் அவளை எழும்பி நிற்கவைத்திருக்கிறேன். ஒருதரம் நின்றபடியே தூங்கினாள், வகுப்பே சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். அதை இங்கே எழுதாமல் விட்டால் மற்றவர்களைத் திட்ட எனக்கு உரிமையில்லை.

அந்த வருடம் உடுப்புத் தைக்கும்போது றபீக்கா கொப்பியைப் புரட்டிப் பார்த்திருக்கிறாள். மகளின் அளவு போன வருடத்து அளவாகவே இருந்தது. அதற்கு முந்தின வருடத்துக்கும் இதற்கும் அரை இஞ்சிதான் வித்தியாசம். ஊர்ப் பிள்ளைகள் எல்லாருடைய கையும் காலும் நீண்டுகொண்டிருக்க, தன் பிள்ளைக்குப் பழைய உடுப்பே அப்படியே பொருந்தியது. முஹ்ஸினிடம் சொன்னாள். கொழும்பில் பார்த்ததுதானே, நோமல் என்று சொன்னார்கள்தானே, உன்னுடைய வாப்பாவும் கட்டைதானே என்றான் அவன். அவளும் நம்பினாள். அவளுடைய வாப்பா கட்டைதான்.

அதே வருடம் ஆனி மாதத்தில் ஒரு காலை, பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடும்போது நுஸ்ஹாவின் வெள்ளை உடுப்பில் இரத்தம். ஒன்பதரை வயது. பயந்து அழுதாள். றபீக்காவுக்கும் பயம்தான், இவ்வளவு சின்ன உடம்புக்கு இது என்ன என்று. ஆனால் செய்தி காதில் விழுந்ததும் றுகையா உம்மா ஓட்டமும் நடையுமாக வந்துசேர்ந்தார். பேத்தி பெரியபிள்ளையாகிவிட்டாள். பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உளுந்துக் களியும் வந்தன. ஏழாம் நாள் தண்ணீர் வார்ப்பு என்று முடிவாயிற்று.

நானும் போனேன். பெண்கள் குரவையிட்டார்கள். தலைக்குத் தண்ணீர் வார்த்து, பட்டுப் பாவாடை உடுத்தி, கதிரையில் கொண்டுவந்து வைத்தார்கள். அந்தக் கதிரையில் நுஸ்ஹாவின் கால் நிலத்தில் படவில்லை. முழங்காலுக்குக் கீழே தொங்கியது. ஆறு வயதுப் பிள்ளையைப் பெரியபிள்ளை என்று அலங்கரித்து வைத்திருப்பதுபோல எனக்குத் தெரிந்தது. அவளோ அந்தக் குரவைச் சத்தத்துக்குள்ளும் கண்ணைச் சொருகித் தூங்கிக்கொண்டிருந்தாள். என்னுடைய வகுப்பில் இருபத்தெட்டுப் பெண்பிள்ளைகள். எல்லாரிலும் கட்டையான ஒருத்தி மட்டும் எப்படி முந்திப் பெரியபிள்ளையாவாள்? 

அடுத்த நாள் றபீக்காவைக் குசினிப் பக்கம் கூப்பிட்டு, பிள்ளையை நல்ல டொக்டரிடம் காட்டு என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. தனக்கும் அதே பயம்தான், ஆனால் மாமி இது சந்தோசமான காரியம், டொக்டரிடம் கொண்டுபோய்க் கண்ணூறு படுத்தாதே என்கிறார் என்றாள். முஹ்ஸினும் உம்மா சொல்வது சரிதானே என்றானாம்.

கல்முனையில் ஒரு தனியார் இடத்துக்கு மாதம் ஒருதரம் பிள்ளைகளின் ஹோர்மோன் டொக்டர் ஒருவர் வருவார், பெண். முன்கூட்டியே நம்பர் எடுத்து அவரைச் சனல் பண்ணி நாங்கள் இருவரும் நுஸ்ஹாவைக் கூட்டிக்கொண்டு போனோம். துணி வாங்கப் போகிறோம் என்று வீட்டில் சொன்னோம். டொக்டர் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார், தோலைத் தடவினார், உயரம் அளந்தார். பிறகு பிறப்பைப் பற்றிக் கேட்டார். எத்தனை மாதத்தில் பிறந்தது, நிறை என்ன, இயல்பாகத் தங்கிய கருவா, வைத்தியம் செய்து வந்ததா?

றபீக்கா என்னைப் பார்த்தாள். எழும்பி வெளியே போகவா என்று நான் கேட்டேன். வேண்டாம், இருங்கள் என்றாள். பத்து வருடமாக எவருக்கும் சொல்லாததை அன்றுதான் சொன்னாள். சொல்லும்போதும், குறை தனக்குத்தான் என்றே சொன்னாள். ஒரு டொக்டருக்கு முன்னாலும் புருசனின் பேரைக் காப்பாற்றினாள்.

இரத்தப் பரிசோதனையும் இடது கையின் எக்ஸ்றேயும் வந்தன. நுஸ்ஹாவின் தைரொயிட் கிட்டத்தட்ட வேலையே செய்யவில்லை. பல வருடமாக. எலும்பின் வயது ஆறு. தூங்கிக் கிடக்கும் தைரொயிட்டை எழுப்ப மூளை போட்ட சத்தம் பக்கத்து வீடான சூலகத்துக்கும் கேட்டுவிட்டது, அதுதான் இந்த இரத்தம் என்று டொக்டர் எங்களுக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னார். பிள்ளை பெரியபிள்ளை ஆகவில்லை. நாங்கள் ஒரு நோய்க்குத்தான், ஒரு வருத்தத்துக்குத்தான் குரவையிட்டிருக்கிறோம்.

றபீக்கா கேட்ட முதல் கேள்வி, நாங்கள் அப்படிப் பிள்ளை பெற்றதாலா இது வந்தது என்பது. டொக்டர் உடனே ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இப்படிப் பிறந்த பிள்ளைகளிடம் தைரொயிட் மாற்றம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, வித்தியாசமே இல்லை என்று வேறு சில சொல்கின்றன, அவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் நன்றாகத்தான் வளர்கிறார்கள், சாதாரணமாகப் பிறந்த பிள்ளைகளுக்கும் இந்த வருத்தம் வருகிறது, ஆகவே உங்கள் பிள்ளைக்கு ஏன் வந்தது என்று என்னால் சொல்ல முடியாது என்றார். அதற்காகத்தான் கவனித்துவரச் சொல்வது. இதற்கு முன் எப்போதாவது தைரொயிட் பார்த்தார்களா?

பார்த்தார்கள், நோமல் என்றார்கள் என்று றபீக்கா சொன்னாள். அந்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள் என்றார் டொக்டர்.

என் வீட்டில் வைத்து, என்னுடைய தொலைபேசியிலிருந்துதான் கிளினிக்குக்கு எடுத்தாள். சுஜித்தா என்ற தாதி கதைத்தாள். றபீக்கா பிள்ளையின் பெயரைச் சொன்னதும் தாதிக்கு ஞாபகம் வந்துவிட்டது. நல்ல வேளை, நீங்களே எடுத்தீர்கள் என்றாள். அப்போது வந்த முடிவு நோமல் இல்லை. தைரொயிட் அளவில் மாற்றம் தெரிந்தது, மூன்று மாதத்துக்குள் திரும்பப் பார்க்கவேண்டும், பிள்ளை வைத்தியரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள் என்று பட்டறை விலாசத்துக்குக் கடிதம் அனுப்பியிருந்தார்கள். நான்கு தரம் தொலைபேசியும் எடுத்திருந்தார்கள். நான்காவது தரம் பிள்ளையின் தகப்பன், நாங்கள் வேறு டொக்டரிடம் காட்டுகிறோம், இனி எடுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். கடிதத்தின் பிரதியைச் சுஜித்தா என் தொலைபேசிக்கே அனுப்பினாள். கடிதத்தின் கீழே திகதிகள் நான்கு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், தந்தைக்கு அறிவிக்கப்பட்டது என்று எழுதியிருந்தது.

றபீக்கா அதை மூன்று தரம் வாசித்தாள். அழவில்லை. அடுத்த சனல் நாளில் டொக்டரிடம் காட்டினாள். அப்போதே பிடித்திருந்தால் காலையில் வெறும் வயிற்றில் ஒரு குளிசை, அவ்வளவுதான் என்றார் டொக்டர். இப்போதும் அந்தக் குளிசைதான். இரத்தம் நின்றுவிடும், தூக்கம் போகும், வளர்ச்சியும் திரும்பத் தொடங்கும். ஆனால் போன நாலரை வருடத்தில் எவ்வளவு திரும்பிவரும் என்று சொல்ல முடியாது. உயரத்தில் கொஞ்சம் போனது போனதாகவே இருக்கலாம். பஸ்ஸில் திரும்பி வரும்போது நுஸ்ஹா தாயின் மடியில் தூங்கினாள். ஒன்பதரை வயதுப் பிள்ளை, மடி கொள்ளுமளவுக்குத்தான் இருந்தாள்.

அன்று பின்னேரம் முஹ்ஸின் வீட்டுக்கு வந்ததும் றபீக்கா கடிதத்தை அவன் முன்னால் வைத்தாள். பிள்ளைக்கு என்ன வருத்தம், எப்படி வந்தது, என்ன குளிசை எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டானாம். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை:

"குறை எனக்கெண்டு டொக்டருக்கிட்டச் சொன்னியா?"

இதை என்னிடம் சொல்லும்போதுதான் அவள் அழுதாள், குறை உண்மையில் யாருடையது என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பிள்ளை பிழைக்குமா என்று கேட்கவில்லை, எவ்வளவு வளர்வாள் என்று கேட்கவில்லை, இதைத்தான் கேட்டான் டீச்சர் என்றாள். கடிதத்தை ஏன் மறைத்தாய் என்று அவள் கேட்டதற்கு, அதன் தலைப்பில் கிளினிக்கின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது, ஊர் ஆஸ்பத்திரியில் பாதிப்பேர் நமக்குச் சொந்தம், யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது என்றானாம். கொஞ்ச மாற்றம்தானே, பிள்ளை நல்லாத்தானே இருக்கிறாள் என்று நினைத்தேன் என்றானாம். பிறகு காலைப் பிடித்துக் கெஞ்சினான், உம்மாவுக்கு மட்டும் தெரியவேண்டாம் என்று. எனக்கு அந்த நேரம் மதில் ஏறிக் குதித்து அவனை நாலு கேள்வி கேட்கவேண்டும் போலிருந்தது. றபீக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைக்கு ஊர் ஒரு பட்டம் வைத்துவிடும், டீச்சர், விடுங்கள் என்றாள். அவளுடைய முகத்துக்காக விட்டேன்.

குளிசை தொடங்கி இரண்டு மாதத்தில் நுஸ்ஹா வேறு பிள்ளையானாள். இரத்தம் நின்றது. முகத்து ஊதல் வற்றியது. வகுப்பில் பக்கத்துப் பிள்ளையோடு கதைத்ததற்காக ஒருநாள் ஏசினேன், ஏசிவிட்டுச் சந்தோசப்பட்டேன். பின்னேரங்களில் தெருவில் சைக்கிள் ஓட்டினாள். புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளிக்கு எத்தனையோ குறைவாகத்தான் எடுத்தாள். அதைப்பற்றி அவளுக்கு ஒரு கவலையுமில்லை.

கவலைப்பட்டவர் றுகையா உம்மா. தண்ணீர் வார்த்த பெரியபிள்ளை முக்காடில்லாமல் சைக்கிள் ஓடுகிறாளா? மாதம் இரண்டாகியும் தீட்டு வந்து குளிக்கவில்லையா? குளிசை குடிப்பது தெரிந்ததும் அவருக்குக் கணக்கு ஒத்துப்போய்விட்டது. தீட்டை நிறுத்துகிற குளிசையைக் கொடுத்துப் பேத்தியின் வயிற்றை அடைக்கிறார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு நேரே வந்துவிட்டார். நான் என் சட்டையை எடுக்க அங்கே போயிருந்தேன். எழும்பப் பார்த்தேன், றபீக்கா கண்ணால் இருக்கச் சொன்னாள். முஹ்ஸின் விறாந்தையில் இருந்தான். நுஸ்ஹா தெருவில் இருந்தாள்.

குளிசையை இன்றோடு நிறுத்தவேண்டும், பாலமுனையில் ஓதிப் பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார், நாளைக்கே பிள்ளையைக் கூட்டிப்போகிறேன் என்றார் உம்மா. நிறுத்தினால் பிள்ளை திரும்பவும் படுத்துவிடும் மாமி, அது தைரொயிட் குளிசை என்று றபீக்கா மெதுவாகத்தான் சொன்னாள். உம்மா மகனைப் பார்த்து, இது என்ன வருத்தம், நம்முடைய குடும்பத்தில் இல்லாத வருத்தம் என்று கேட்டார். முஹ்ஸின் ஒரு பக்கமும் பார்க்காமல் சொன்னான்:

"அது உம்மா, றபீக்காட ஆக்கள்ட பக்கத்து வருத்தம். அப்பிடித்தான் டொக்டர் சொன்ன."

நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. றபீக்கா கையிலிருந்த சட்டையை மடித்து மேசையில் வைத்தாள்.

"பாத்தியாகா," என்றார் உம்மா. "தானும் மலடியாக் கிடந்து, இப்ப பெத்த புள்ளையையும் மலடியாக்கப் பாக்கிறாய். இந்தக் குடும்பத்துக்கு ஒரு மலடி போதும். நாளைக்குப் புள்ளைய நான் கூட்டிட்டுப் போறன்."

அதுதான் எல்லை. மகளைக் கொண்டுபோகிறேன் என்ற வார்த்தை வராமல் இருந்திருந்தால் அவள் அன்றும் வாய் திறந்திருக்கமாட்டாள் என்றே நினைக்கிறேன்.

"குறை எனக்கில்ல மாமி," என்றாள். குரல் உயரவில்லை. "உங்கட மகனுக்கு. கொழும்பில ஊசி போட்டுத்தான் நுஸ்ஹா தங்கின. புள்ளைக்கு வருத்தமெண்டு நாலரை வருசத்துக்கு முன்ன கடிதம் வந்த. உங்கட மகன்தான் அத ஒளிச்ச. அவர்ட பேருக்காக."

முஹ்ஸின் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். றுகையா உம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தப்போகிறார், பொய் என்று சத்தியம் பண்ணப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவர் கத்தவில்லை. எழும்பிப் போய்த் தெருக் கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தார். அவருக்கு அதிர்ச்சியே இல்லை. எரிச்சல்தான் இருந்தது.

"அத ஏன்கா இப்ப கிளறுறாய்," என்றார். "பதினஞ்சு வயசில அவனுக்குக் கன்னம் வீங்கிற கூகைக்கட்டு வந்து கீழயெல்லாம் வீங்கின. பின்னுக்குப் புள்ள விசயத்தில கரைச்சல் வரலாமெண்டு அண்டைக்கே டொக்டர் எனக்கிட்டச் சொன்ன."

முஹ்ஸின் கையை எடுத்துத் தாயைப் பார்த்தான். அவனுக்கும் இது புதிது. தான் மட்டும் காத்துவந்த இரகசியம் என்று நினைத்துப் பிள்ளையையே பலிகொடுத்திருக்கிறான், அது கலியாணத்துக்கு முன்பே உம்மாவின் மடியில் இருந்திருக்கிறது. அவன்மேல் எனக்கு இரக்கம் வரவேண்டிய இடம் இது. வரவில்லை.

றபீக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு கேட்டாள்:

"அப்ப, தெரிஞ்சிருந்துமா மாமி என்ன மலடியெண்டு சொன்ன? பத்து வருசமும்?"

"ஆம்புளப் புள்ளட பேர் கெட்டா மறுகா எழும்பேலாது மனே," என்றார் உம்மா. அந்த நேரத்தில்தான் அவர் அவளை முதல்முதலாக, பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவதுபோல, மனே என்று கூப்பிட்டார். "நீ பொறுமசாலி. நீ தாங்குவாயெண்டு எனக்குத் தெரியும்."

தெருவில் நுஸ்ஹாவின் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது. அவள் யாரோ ஒரு பிள்ளையை வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டு போனாள்.

"நான் தாங்கினன் மாமி," என்றாள் றபீக்கா. "அதுக்கு வளராமப் போனது என்ட புள்ள."

றபீக்கா போய்ச் சாத்தியிருந்த கதவை அகலத் திறந்தாள். பிறகு புருசனைப் பார்த்து, பொழுது படப்போகிறது, உம்மாவை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள். திரும்பி வரும்படி சொல்லவில்லை.